மரத்தில் மங்கு, மரத்தில் குரங்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் மாலை ஆங்கில வகுப்புக்கு வரும் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: 'மை ஃபாதர் இஸ் இன் ஹாஸ்பிட்டல்.' பதறிப்போய்க் கேட்டேன், "அப்பாவுக்கு என்னய்யா ஆச்சு?"

"ஒன்னும் ஆகல டீச்சர். அங்கதான் ஜாகா வேல." ஜாகா என்றால் காவல்.

'இன் ஹாஸ்பிட்டல்' என்றால் அப்பா கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி. 'அட் தி ஹாஸ்பிட்டல்' என்றால் ஆள் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். வேலைக்குப் போயிருக்கலாம், யாரையாவது பார்க்கவும் போயிருக்கலாம்.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் 'ஆஸ்பத்திரியில்', மலாயில் 'டி ஹாஸ்பிட்டல்'. அவன் பேசும் இரண்டு மொழியிலும் ஒரே உருபு எல்லா இடத்துக்கும் போதும். உள்ளே, மேலே என்று பிரித்துச் சொல்ல நம்மிடமும் சொல் உண்டு, தேவைப்பட்டால்தான் எடுப்போம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு தடவையும் முடிவு செய்தாக வேண்டும்: அந்த இடம் ஒரு புள்ளியா, பரப்பா, நம்மைச் சூழ்ந்த உள்ளிடமா?

இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ரப்பர் மரத்தைவிட நல்ல பலகை கிடையாது. இப்போது எங்கு பார்த்தாலும் எண்ணெய் தரும் செம்பனைதான், ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பழைய பால்மரம் சில நிற்கின்றன. பட்டையை ஒட்டிக் கம்பியில் தொங்கும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு 'ஆன் தி ட்ரீ'. கிளைக்கும் இலைக்கும் நடுவே ஒளிந்திருக்கும் குரங்கு 'இன் தி ட்ரீ'. நமக்கு இரண்டும் மரத்தில்தான்.

ஊரும் அப்படியே. என் அக்கா குடியிருப்பது 'இன் சுங்கை சிப்புட்'. இடிஎஸ் என்ற மின்சார ரயில் நிற்பது 'அட் சுங்கை சிப்புட்'. அக்காவுக்குக் கடையும் கோயிலும் சொந்தபந்தமும் சுற்றிலும் இருக்கிற இடம் இது. ரயிலுக்கு வழியில் ஒரு புள்ளி.

தோட்டத்தில் வேலை செய்வதை 'ஆன் தி எஸ்டேட்' என்பது பிரிட்டிஷ் வழக்கம்; நிலத்தைப் பரப்பாகப் பார்க்கிறார்கள். இங்கே நம்மில் பலர் 'இன்' போடுகிறோம். அதற்கு நான் சிவப்பு மை எடுப்பதில்லை. வாகனத்துக்குச் சுருக்கமான வழி உண்டு: எழுந்து நடக்க இடமிருக்கும் பஸ், ரயில், கப்பலுக்கு 'ஆன்', காருக்கு 'இன்'.

மூன்றில் 'அட்'தான் கடினம். 'இன்', 'ஆன்' இரண்டையும் கையால் தொட்டுக் காட்டலாம், இதை முடியாது. அதனால் தனியாக நடத்தாமல் மற்றொன்றின் பக்கத்தில் வைத்தே நடத்துகிறேன். நாற்காலி போட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் 'அட் தி டேபிள்'. 'ஆன் தி டேபிள்' என்றதும் ஒருவன் மேசைமேல் ஏறிச் சம்மணம் போட்டான். இறங்கச் சொன்னேன், ஆனால் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.