ஷெல்செக்: ஸ்கிரிப்ட் எழுதும் ஒவ்வொரு அட்மினுக்கும்

நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் இரவு 2 மணிக்கு க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளின் தொகுப்பு, ஓடும். பேக்கப் டிஸ்க்கில் உள்ள ஒரு டைரக்டரிக்குள் போய், பழைய கோப்புகளை அழிக்க வேண்டும். ஒரு நாள் அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது சிஸ்டத்துடன் இணையவில்லை. டைரக்டரிக்குள் போகச் சொல்லும் சிடி கட்டளை தோற்றது, ஆனால் ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் ஹோம் டைரக்டரியில் இருந்தபடியே அங்கே இருந்ததை அழித்துவிட்டது.

அப்புறம்தான் ஷெல்செக்கை நிறுவினேன். ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டும், விடார் ஹோலன் ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் எழுதிய இலவசக் கருவி. டெபியன், உபுண்டுவில் ஏபிடி என்ற நிறுவல் கருவி மூலம் ஒரே வரியில் வந்துவிடும். அதே ஸ்கிரிப்டைக் கொடுத்ததும் எஸ்சி2164 என்று எண்ணிட்டு, சிடி தோற்றால் வெளியேறச் சொல் என்று சரியாக அந்த வரியைக் காட்டியது. முன்பே ஓட்டியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அதிகம் சிக்குவது எஸ்சி2086, அதாவது வேரியபிளை (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) சுற்றி இரட்டை மேற்கோள் இல்லாதது. கோப்பின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தால் போதும், அழிக்கும் கட்டளையான ஆர்எம் அதை இரண்டு கோப்புகளாக எடுத்துக்கொள்ளும். எஸ்சி2115 இன்னும் முக்கியம்: வேரியபிள் காலியானால் எல்லா டைரக்டரிகளுக்கும் மேலுள்ள ரூட் டைரக்டரியிலிருந்தே அழிப்பு தொடங்கும் என்று எச்சரிக்கும். 2015இல் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கேம் மென்பொருளில் வந்த பிழை இந்த வகைதான்.

இசட் ஷெல் (zsh) என்ற வேறு வகை ஷெல்லின் ஸ்கிரிப்டுகளை ஷெல்செக் பார்க்காது. ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைத்த பாஸ்வேர்டையும் கண்டுகொள்ளாது. எச்சரிக்கையை அடக்க ஒரு கமெண்ட் வரி போதும். ஆனால் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.