தஞ்சாவூருக்கு விருந்தினர் வந்தால் நான் முதலில் அழைத்துப் போகும் இடம்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் பெரிய கோயிலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதில் தவறு இல்லை. அவர்கள் வந்து போகும் வேகம்தான் எனக்கு வேதனை தருகிறது. காலையில் கும்பகோணத்துக் கோயில்களை முடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் வேனிலிருந்து இறங்குவார்கள். சுடுகல்லில் கால் வைக்க முடியாமல் ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்று. நந்தியின் முன்னால் ஒரு படம். அவ்வளவுதான், வண்டி திருச்சி சாலையில் ஏறிவிடும். என்னுடன் கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வழியாக அப்படித்தான் வந்தாள். அவர்கள் கொடுத்த பயணத் தாளில் தஞ்சாவூருக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றரை மணி நேரம். கரந்தையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிக்கக்கூட அவளால் முடியவில்லை.

அன்றிலிருந்து, என்னைக் கேட்டு வருகிறவர்களுக்கு நானே நாளை வகுத்துக் கொடுக்கிறேன். காலையில் அரண்மனைக் கலைக்கூடம். மாலையில்தான் பெரிய கோயில். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றுவதில்லை.

இந்தத் தை மாதம் என் தம்பி குடும்பத்தோடு புனேயிலிருந்து வந்திருந்தான். மகளுக்குப் பதினொரு வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுத்த எனக்கு அது உள்ளூர ஒரு குறை. "நேராகக் கோயிலுக்குப் போய்விடலாமே அக்கா" என்றான் தம்பி. "முதலில் செம்பைப் பார், பிறகு கல்லைப் பார்" என்று சொல்லி, காலை ஒன்பதரைக்கு அரண்மனை வாசலில் இறக்கினேன்.

நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் விரிவாக்கிய அரண்மனை இது. கலைக்கூடம் இதற்குள் 1951இல் தொடங்கப்பட்டது. பழைய சோழநாட்டு ஊர்களில் மண்ணுக்குள்ளும் புதருக்குள்ளும் கிடந்த கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. நுழைந்ததும் கற்சிலைகள் வரிசையாக வரும். அவற்றிலேயே களைத்துவிடக் கூடாது என்பது என் முதல் அறிவுரை. கால் மணி நேரம் போதும். பிறகு நேராகத் திருவெண்காட்டுச் செம்புகளிடம் போய்விட வேண்டும்.

திருவெண்காடு பூம்புகார்ப் பக்கத்து ஊர். அங்கே மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட திருமேனிகளில் ஒன்றுதான் ரிஷபவாகன தேவர். ராஜராஜன் ஆட்சியின் 26ஆம் ஆண்டில், அதாவது 1011இல், இவரை எழுந்தருளச் செய்ததைத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. மறு ஆண்டில் உமையை வார்த்து அருகில் நிறுத்தினார்கள். இத்தனை துல்லியமாகக் காலம் தெரிந்த சோழர் செம்பு அரிது. உயரம் மூன்றரை அடிதான் இருக்கும். இரண்டே கைகள். சூலம் இல்லை, மழு இல்லை, காலடியில் முயலகன் இல்லை. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டி, அதில் பாம்புகள் நெளிய, ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே வைத்து, வேலை முடிந்து மாட்டின் மேல் சாய்ந்து நிற்கும் உழவனைப் போல நிற்கிறார்.

ஆனால் மாடு இல்லை. அந்த ரிஷபம் நமக்குக் கிடைக்கவில்லை.

நான் எதுவும் சொல்லாமல் பேசாமல் இருந்தேன். தம்பி மகள் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை, இவர் எதன் மேல் கை வைத்திருக்கிறார்?" அந்தக் கேள்வி வருவதற்காகத்தான் எல்லோரையும் இங்கே அழைத்து வருகிறேன். மடக்கி நீட்டிய அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால், இல்லாத காளையின் திமில் எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும், முதுகு எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் என்று நமக்கே தெரிய ஆரம்பிக்கிறது. உலோகத்தில் ஓர் உடலை வார்ப்பது ஒரு திறமை. பக்கத்தில் இருக்கும் இன்னோர் உடலின் பாரத்தையும் சேர்த்து இந்த உடலில் வார்ப்பது எப்படிப்பட்ட திறமை! இந்த ஊரில் பிறந்து, எத்தனையோ முறை இவர் முன்னால் நின்றுவிட்டேன். இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

எப்படிச் செய்திருப்பார்கள் என்று அவள் கேட்டதற்கு, சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்யும் முறையைச் சொன்னேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகில் உருவத்தைச் செய்வார்கள். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்து எடுத்தால் உள்ளே திருமேனி. அச்சு உடைந்துவிட்டதால் அதே போல இன்னொன்று வராது. "அப்படியென்றால் இவர் ஒரே ஒருவர்தானா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அதே திருவெண்காட்டிலிருந்து வந்த கல்யாணசுந்தரரையும் தவறவிடாதீர்கள். சிவன் உமையின் கையைப் பிடிக்கிறார். திருமால் தாரை வார்த்துக் கொடுக்கிறார். இலக்குமி மணப்பெண்ணோடு நிற்கிறாள். உமை தலையைச் சற்றே தாழ்த்தியிருப்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். என் தம்பி மனைவி அங்கே நின்றவள் நகரவே இல்லை. "அண்ணி, நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் பெண்களும் இப்படித்தானே நிற்கிறோம்" என்றாள்.

குழந்தைகள் சோர்ந்தால் ஒரு வழி இருக்கிறது. கலைக்கூட வளாகத்திலேயே ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு வைத்திருக்கிறார்கள். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. செப்புத் திருமேனிகளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் பத்து நிமிடம் அங்கே விட்டால் பிள்ளைகள் புத்துணர்ச்சி பெற்றுவிடுவார்கள். அங்கே இருக்கும் அரண்மனைக் கோபுரத்தில் ஏற நினைத்தால், படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம்.

அடுத்து, அதே அரண்மனைக்குள் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சியகம். 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோசியின் பெரும் சேகரிப்பு. சுவடிகளும் கையெழுத்துப் படிகளுமாக 49,000க்கும் மேல் நூலகத்தில் உள்ளன. காட்சிக்கு வைத்திருப்பது அதில் ஒரு கைப்பிடிதான். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஓலைச் சுவடியை வாழ்க்கையில் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளுக்காகவே போக வேண்டும். எழுத்தாணி கீறிய கோடு எவ்வளவு மெல்லியது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. சுற்றுலா வண்டிகள் நிற்கும் ஓர் உணவகத்தில் ஒருமுறை விருந்தாளிகளை உட்கார வைத்து, ஆறிப்போன சாம்பாரோடு எழுந்து வந்ததிலிருந்து, மதியச் சாப்பாடு என் வீட்டில்தான். இனிப்புக்கு மட்டும் பாம்பே ஸ்வீட்ஸ் சந்திரகலா. அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கயிறு போல முறுக்கி, உள்ளே கோவா வைத்துப் பொரித்துப் பாகில் போட்டது. வட்டமாக இருந்தால் சூரியகலா. முறுக்கிய ஓரம்தான் அதன் உயிர். அங்கே பாகு ஊறியும் மொறுமொறுப்பு போகாமல் இருக்க வேண்டும். அன்று வாங்கியது அப்படியே இருந்தது. ஊருக்கு எடுத்துப் போகவும் இதைவிட நல்ல பண்டம் இல்லை.

மதியம் கொஞ்ச நேரம் ஒரு வீணைப் பட்டறையில் கழிந்தது. விற்பனைக் கூடத்துக்குப் போகாமல், மரச்சுருள் சிதறிக் கிடக்கும் பட்டறைக்கே அழைத்துப் போங்கள்; முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பலாமரத்தில் குடத்தைக் குடைந்துகொண்டிருந்தார் ஓர் ஆசாரி. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் அமைந்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. தந்தியை விரலால் அழுத்தி வாசிக்கும் இருபத்து நான்கு மெட்டுகளையும் கறுத்த மெழுகில் பதித்து, சுருதி கேட்டுக் கேட்டு நகர்த்துவார்கள். "இங்கேயும் மெழுகா!" என்று தம்பி மகள் துள்ளினாள். அவளாகவே அதைக் கண்டுகொண்டதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

மாலை மூன்றரைக்குப் பெரிய கோயில் பக்கம் வந்தோம். கோயிலுக்குள் போகும் முன் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்தை எட்டிப் பார்க்கச் சொல்வேன். 1779இல் கட்டியது. உள்ளே, மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் சுவார்ட்ஸின் கையைச் சரபோசி பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பம் உண்டு. லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தவர் சரபோசியே. தன்னை வளர்த்து ஆளாக்கிய ஆசிரியருக்கு ஒரு மாணவன் செய்த மரியாதை. ஆசிரியையாக இருந்த எனக்கு அது தனி நெகிழ்ச்சி. கதவு திறந்திருந்தால் பத்து நிமிடம் போதும்.

பிறகு கோயில். நான்கு மணிக்கு மேல் போனால் கல் சூடு தணிந்திருக்கும். மேற்கு வெயிலில் விமானம் தேன் நிறமாகும். தை மாத வெயிலில் அன்று விமானத்தின் நிழல் வடகிழக்காக நீண்டு கிடந்தது. தம்பி மகளை அந்த நிழலுக்குள் நிற்க வைத்து, "இந்தக் கோயிலின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் என்ன சொல்வாய்?" என்று கேட்டேன். "நான் அதில் நின்றேன் என்று சொல்வேன்" என்றாள். அந்தக் கட்டுக்கதையை ஒரு வழிகாட்டி அப்போது பக்கத்திலேயே ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், நிழலிலேயே நின்றபடி. உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்பதும் அப்படித்தான். அது பல கற்களைப் பொருத்திய அமைப்பு. 216 அடி உயரத்தில் அந்தக் கற்களைப் பிசகாமல் பொருத்தியவர்களின் உழைப்பு, கட்டுக்கதையைவிடப் பெரியது. ஏன் அதைச் சொல்ல மறுக்கிறோம்?

கல்வெட்டுகளின் முன்னால் நிற்காமல் யாரையும் நான் வெளியே விடுவதில்லை. தான் கொடுத்தவை, தன் அக்கை குந்தவை கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை என எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். கோயில் பணிக்கு வந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின், பெயரும், ஒவ்வொருத்தியும் எந்தத் தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்பதும்கூட வெட்டப்பட்டிருக்கிறது. அரசன் பெயரைக் கல்லில் காண்பதில் வியப்பு இல்லை. ஆடுகிற பெண்ணின் வீட்டு எண் ஆயிரம் ஆண்டு நிற்பதுதான் வியப்பு. தம்பி மகளின் விரலைப் பிடித்து, தொடாமல், காற்றில் எழுத்துகளைக் காட்டினேன். 'ப', 'ட' இரண்டும் இன்றைய வடிவத்தோடு ஒத்துப்போவதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வரியில் இன்னும் நான்கு 'ப' கண்டுபிடித்தாள். அவள் தமிழ் எழுத்தை முதன்முதலாகப் படித்தது அங்கேதான்.

வெளியே வரும்போது விளக்கு ஏற்றிவிட்டார்கள். அதற்குள் தம்பி மனைவி கூந்தலில் தஞ்சாவூர்க் கதம்பம் ஏறியிருந்தது; மரிக்கொழுந்து வாசனை முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். நந்தி மண்டபத்தின் அருகே குழந்தை நின்றுவிட்டாள். பெரிய நந்தியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தாள். முழங்கையை மடக்கி, ஒரு காலைக் குறுக்கே வைத்து, காலையில் பார்த்தவரைப் போலவே நின்று காட்டினாள்.

"அத்தை, அவருடைய மாடு இங்கே இருக்கிறது."

அந்த நந்தி நாயக்கர் காலத்தது, அவர் சோழர் காலத்தவர், நடுவில் பல நூறு ஆண்டுகள் என்று விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "இருந்தாலும் யாராவது அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்" என்றாள்.