லெப்டொப்பில் விளம்பரத் தொல்லை: துடைப்பதா, போமட் அடிப்பதா?

இலங்கை மலையகத்து ஹட்டனில் போட்டோகொப்பி, டைப்பிங், லெப்டொப் ரிப்பேர் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பிழைக்கிறவன் நான். போன மழைக்குள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருவர் லெப்டொப்பை ரெயின்கோட்டுக்குள் பொத்திக்கொண்டு வந்தார். திறந்ததும் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று ஒரு பெட்டி. அதை மூடுவதற்குள் அடுத்தது. குரோமைத் திறந்தால் கூகுளைக் காணவில்லை, பேர் தெரியாத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நின்றது.

“தம்பி, இன்னொரு கடையில போமட் அடிச்சாத்தான் சரி வரும்னு சொல்லிட்டாங்க. அடிச்சா என் வினாத்தாள் எல்லாம் போயிருமா?”

கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் பக்கம் எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்து போமட்தான், அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போடுவது. அட்டை கடித்தால் உப்பைப் போட்டு விடுவோம், காலையா வெட்டுகிறோம்? விளம்பர மென்பொருள் பெரும்பாலும் அட்டை ரகம். எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல் இரண்டு: எவ்வளவு டேட்டா தின்னும், எதை இழக்க வேண்டிவரும். தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு கோடு சிக்னலில், ரீலோட் போட்டு, போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிறவருக்கு ‘4 ஜிபி இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது உதவியே இல்லை.

கையால் துடைப்பது: செலவு பூச்சியம்

மூலையில் முளைக்கும் அந்தப் பெட்டி பல நேரம் வைரஸும் இல்லை, மென்பொருளும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்’ என்று வந்திருக்கும், நாமும் அழுத்தியிருப்போம். அன்றிலிருந்து நாம் கொடுத்த அனுமதியை வைத்துத்தான் அந்தத் தளம் அறிவிப்பு அனுப்புகிறது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போய், அனுமதிப் பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் தூக்கினால் அந்த நிமிடமே நின்றுவிடும். டீச்சருடைய பட்டியலில் ஏழு தளங்கள் இருந்தன. ஒன்றைக்கூட அவருக்குத் தெரியவில்லை. இதற்கு எந்த ஆன்டிவைரஸும் ஸ்கேன் பண்ணிப் பயனில்லை, ஏனென்றால் பிடிப்பதற்கு ஃபைலே கிடையாது.

தேடல் பக்கம் மாறியிருந்தால் அடுத்து எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் துணைக் கருவி) பட்டியலைப் பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது ஷோர்ட்கட்டை. டெஸ்க்டொப்பில் இருக்கும் குரோம் ஐகனை ரைட் கிளிக் பண்ணி, புரொப்பர்டீஸில் டார்கெட் வரியைக் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். ‘குரோம் டொட் எக்ஸி’க்குப் பிறகு ஒரு இணைய முகவரி தொங்கிக்கொண்டிருந்தால் அதுதான் கள்ளன். குரோமை நூறு தடவை சரிசெய்தாலும் அந்த ஐகனைத் தொட்டதும் அதே பக்கம்தான் வரும்.

ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமை இல்லையா? குரோமிலேயே ரீசெட் செட்டிங்ஸ் இருக்கிறது. தேடுபொறி, தொடக்கப் பக்கம், தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகள் எல்லாம் பழையபடி ஆகும், எக்ஸ்டென்ஷன்கள் நிறுத்தப்படும், குக்கிகள் போகும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். பழைய வீடியோக்களில் குரோமுக்குள்ளேயே ‘கிளீன் அப் கம்ப்யூட்டர்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். 2023 மார்ச்சில் கூகுள் அதை எடுத்துவிட்டது, தேடி மெனக்கெட வேண்டாம்.

கையால் செய்வது தோற்கிற இடமும் உண்டு. எக்ஸ்டென்ஷனுக்குப் பக்கத்தில் ரிமூவ் பொத்தானே இல்லை, குரோம் மெனுவின் அடியில் ‘மேனேஜ்ட் பை யுவர் ஓர்கனைசேஷன்’ என்று எழுதியிருக்கிறது என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அலுவலகம் கொடுத்த லெப்டொப் என்றால் அது நியாயம். சில ஆன்டிவைரஸ்களும் அப்படிச் செய்யும். இரண்டும் இல்லாத வீட்டு லெப்டொப்பில் அந்த வரி வந்தால், விண்டோஸின் செட்டிங்குகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் யாரோ கொள்கை (பொலிசி) எழுதி வைத்து அந்த எக்ஸ்டென்ஷனைப் பூட்டியிருக்கிறார்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கமில்லாதவர் இதோடு நிறுத்திவிட்டு அடுத்த வழிக்கு வருவதுதான் நல்லது.

அட்வ்கிளீனரா, மால்வேர்பைட்ஸா?

வேண்டாத மென்பொருளைத் தேடித் துடைக்கும் இந்தக் கருவிகள் இரண்டும் இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். தனியாக இருந்த அட்வ்கிளீனரை 2016இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. வேலை மட்டும் வேறு வேறு.

அட்வ்கிளீனர் 10 எம்பிக்குள் அடங்கும், தட்டினால் ஓடும் ஒரே ஒரு எக்ஸி ஃபைல். இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை, பென்டிரைவில் வைத்துக்கொண்டு திரியலாம். டூல்பார், தேடலைக் கடத்துகிறவை, கூடவே ஒட்டி வந்த வேண்டாத மென்பொருள் என்று இந்த ரகத்தை மட்டும்தான் அது தேடும். ரெஜிஸ்ட்ரி, ஷெட்யூல்ட் டாஸ்க் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள்) எல்லாம் துழாவி, எடுத்ததைக் குவாரன்டீனில் பூட்டிப் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் கேட்கும். எங்கள் ஊர் டேட்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. ஆனால் காவல் இருக்காது, துடைத்துவிட்டுப் போய்விடும். நல்ல மென்பொருள் வேடத்தில் வரும் ட்ரோஜன் மாதிரிப் பெரிய ஆட்களைப் பிடிப்பதும் அதன் வேலை இல்லை. அப்புறம், கண்டுபிடித்த பட்டியலை வாசிக்காமல் எல்லாவற்றுக்கும் டிக் போடாதீர்கள். லெப்டொப் கம்பெனி முதலிலேயே போட்டுக் கொடுத்த மென்பொருளையும் தனிப் பகுதியாகக் காட்டும். அதில் உங்களுக்கு வேண்டியதும் இருக்கலாம்.

மால்வேர்பைட்ஸ் முழு மென்பொருள். முதலில் வருவது சின்ன ஃபைல்தான், ஆனால் இன்ஸ்டோல் பண்ணும்போது மிச்சத்தை இறக்கும். அன்றைய டேட்டா பெக்கேஜில் பெரிய துண்டு போய்விடும். தேடும் பரப்பு அகலம், ட்ரோஜனையும் பிடிக்கும். முதல் 14 நாள் பிரீமியம் சோதனையில் காவலும் உண்டு. அது முடிந்ததும் காவல் நின்று, நாமாகத் தட்டினால் ஸ்கேன் பண்ணுகிற இலவசப் பதிப்பாகிவிடும். பிரீமியம் வாங்கச் சொல்லி அவ்வப்போது அதுவும் ஒரு பெட்டி காட்டும். விளம்பரத்தை விரட்ட வந்தது விளம்பரம் காட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆகவே என் கடையில் முறை இதுதான்: முதலில் அட்வ்கிளீனர். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் தொல்லை திரும்பி வந்தால் மட்டும் மால்வேர்பைட்ஸ். இரண்டையும் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அட்வ்கிளீனர் பெயரிலேயே போலிகள் சுற்றியிருக்கின்றன. ஸ்கேன் பண்ணிவிட்டுப் ‘பணம் கட்டினால்தான் துடைப்பேன்’ என்று சொன்னால் அது அசல் இல்லை.

வீட்டிலேயே இருக்கும் டிஃபெண்டர்

விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரை நம் ஆட்கள் மதிப்பதில்லை. ‘சும்மா கிடைத்தது’ என்ற அலட்சியம். அதில் வேண்டாத மென்பொருளைத் தடுக்கிற ஒரு சுவிட்ச் இருக்கிறது: விண்டோஸ் செக்யூரிட்டி, ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யூடேஷன் பேஸ்ட் புரொடெக்ஷன். அங்கே ‘பொடென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளொக்கிங்’ என்று இருக்கும். 2021 ஓகஸ்டிலிருந்து இயல்பாகவே ஒன் ஆக இருக்கும் என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. ஆனாலும் கடைக்கு வரும் லெப்டொப்புகளில் ஓஃப் ஆகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். டீச்சருடையதும் ஓஃப்தான். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள் உண்டு: ஆப் தடுப்பு எல்லாப் பிரவுசருக்கும் பொது, டவுன்லோட் தடுப்பு மைக்ரோசொஃப்டின் எட்ஜ் பிரவுசருக்கு மட்டும். குரோம் பாவிக்கிறவர் முதல் கட்டத்தையாவது விடாமல் டிக் பண்ணி வைக்க வேண்டும்.

துடைப்பதில் டிஃபெண்டர் அட்வ்கிளீனர் அளவுக்குக் கூர்மை இல்லை. பிரவுசருக்குள் மாறிப்போன செட்டிங்குகளை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. காவலுக்கு என்றால் இதை விட்டு வேறொன்றுக்குக் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், அதையும் கவனியுங்கள். பழைய லெப்டொப்காரர்களுக்கு ஒரு வார்த்தை: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. என்றாலும் டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்லியிருக்கிறது.

மைக்ரோசொஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் என்று தனியாக ஒன்றும் உண்டு. இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், பிறகு மறுபடி முழுசாக இறக்க வேண்டும். டேட்டாவைப் பார்த்தால் எங்களுக்குச் சரிவராது.

கடைசியாக, போமட்

இப்போது விண்டோஸுக்குள்ளேயே ‘ரீசெட் திஸ் பிசி’ இருப்பதால், போமட் என்று பலர் சொல்வது அதைத்தான். ‘கீப் மை ஃபைல்ஸ்’ தெரிவு செய்தால் சொந்த ஃபைல்கள் தங்கும், போட்ட மென்பொருள் எல்லாம் போகும். கிளவுட் டவுன்லோட் என்றால் 4 ஜிபி அளவில் இறக்கும். லோக்கல் ரீஇன்ஸ்டோல் என்றால் டேட்டா தேவையில்லை. பழைய பாணியில் சீ டிரைவை அழித்து அடிப்பவர் முதலில் ஃபைலைப் பிரதி எடுத்தாரா என்று நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். என் சொந்த அக்காவின் கல்யாணப் படங்கள் அப்படித்தான் ஒரு கடையில் போயின. அதற்குப் பிறகுதான் நான் இந்தத் தொழிலையே பழகினேன்.

டீச்சருக்கு நான் போமட் வேண்டாம் என்றதற்கு வேறொரு காரணம். அவருடைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு அது. ரீசெட் பண்ணினால் ஃபைல் இருக்கும், பாமினி போய்விடும். வேர்டைத் திறந்தால் பத்து வருட உழைப்பும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழாகத் தெரியும். பயந்துபோய் பாமினியைத் தேடுவார். அந்தத் தேடலில்தான் அவருக்கு இந்தத் தொல்லையே வந்தது: எழுத்துரு தேடிப் போன பக்கத்தில் பெரிய பச்சை டவுன்லோட் பொத்தான், அழுத்தினால் ‘ஃபொன்ட் இன்ஸ்டோலர்’ என்று ஒரு எக்ஸி. எழுத்துரு என்றால் டிடிஎஃப் என்று முடிகிற ஃபைல், பாமினி ஒரு எம்பிகூட வராது. எழுத்துருவைக் கேட்டு எக்ஸி வந்தால் அதைத் திறக்காமலே அழித்துவிடுங்கள்.

போமட்டுக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. எல்லாம் அழித்து, குரோமை மறுபடி போட்டு, ஜிமெயில் கணக்கில் நுழைந்ததும், கணக்கில் சேமித்ததைத் திரும்பக் கொண்டுவரும் சிங்க் வழியாகப் பழைய எக்ஸ்டென்ஷனும் சேர்ந்து வந்துவிடும். முதலில் எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டுத்தான் ரீசெட்டைத் தொட வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு இடத்தில் மட்டும் நான் போமட் கட்சி. அல்பம் டிசைன் பண்ணும் பையன்கள் கிராக் போட்ட (காசு கட்டாமல் பூட்டை உடைத்த) ஃபோட்டோஷொப்பும் அக்டிவேட்டரும் இறக்கி, ‘டிஃபெண்டரை ஓஃப் பண்ணு’ என்று அதில் எழுதியிருந்ததையும் செய்துவிட்டு வருவார்கள். அங்கே விளம்பரம் மேலே தெரிகிற நுரைதான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டைத் திருடும் மென்பொருள் இப்படிப்பட்ட கிராக்குகளோடு வருவது சாதாரணம். அதற்கு அட்வ்கிளீனர் போதாது. ஃபைலை எடுத்துவைத்து முழுசாக அழித்து அடித்துவிட்டு, வேறொரு சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். பேங்க், ஜிமெயில் இரண்டும் முதலில்.

திரும்பி வராமல் இருக்க

பச்சைப் பொத்தானையே கண்ணில் காட்டாமல் மறைத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. அதற்கு யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டதால் அங்கே இனி அதன் லைட் பதிப்புத்தான். வலு கொஞ்சம் குறைவு. ஃபயர்ஃபொக்ஸில் முழுப் பதிப்பு வேலை செய்கிறது, ஆண்ட்ரொய்ட் போனிலும்கூட. விளம்பரம் இறங்காததால் டேட்டாவும் மிஞ்சும். பிள்ளைகள் நாலு பேர் நாலு கருவி பாவிக்கும் வீட்டில் ரவுட்டரில் விளம்பரத் தள முகவரிகளைத் தடுக்கும் அட்கார்ட் டிஎன்எஸ் (94.140.14.14) போடுவது எளிது, ஆனால் அது டவுன்லோட் பக்கத்தின் சொந்தப் பொத்தானை மறைக்காது. விஎல்சி, செவன் சிப் மாதிரி இலவச மென்பொருளை நினைட் தளம் வழியாகப் போட்டால், கூட வருகிற டூல்பார்களுக்கு அதுவே ‘வேண்டாம்’ சொல்லிவிடும்.

டீச்சர் விஷயத்தில் நோட்டிஃபிகேஷனை நீக்கி, அட்வ்கிளீனர் ஓட்டி, ரீஸ்டார்ட் பண்ணியதும் அந்த ‘ஓர்கனைசேஷன்’ வரி காணாமல் போனது. டிஃபெண்டர் சுவிட்சைப் போட்டேன், ஃபயர்ஃபொக்ஸில் யூபிளொக் போட்டுக் கொடுத்தேன். மழை விடுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. போகும்போது பாமினி டிடிஎஃப் ஃபைலை அவருடைய பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். மறுவாரம் அதே பாடசாலையிலிருந்து இன்னும் மூன்று டீச்சர்மார் வந்தார்கள், லெப்டொப் இல்லாமல், பென்டிரைவோடு மட்டும்.