இரண்டு மணி நேரம் சத்தமாக ஓடினால் எது தாங்கும்? கார் சப்வூஃபர், ஆம்ப் ஒப்பீடு

கடையில் கேட்கும் ஐந்து நிமிடத்தில் எந்தச் சப்வூஃபரும் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) தோற்பதில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாக இருக்கும் கார் அக்சஸரீஸ் கடைகளில் எதற்குப் போனாலும், டிக்கியைத் திறந்து ஒரு பாட்டைப் போட்டால் நெஞ்சுக்கூடு அதிரும். நாமும் தலையாட்டிவிட்டு பில் போடச் சொல்வோம். வித்தியாசம் தெரிவது செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான். மே மாத வெயில், முக்கால் வால்யூம், நிறுத்தாமல் ஓடும் பிளேலிஸ்ட். திண்டிவனம் வருவதற்குள் சில செட்டில் பேஸ் மெலிந்துவிடும். சிலவற்றில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். சிலவற்றில் கருகல் வாடையே வரும்.

அதனால் இந்த அலசலில் ஒரே ஒரு அளவுகோல்: சூடு. விலையும் ஒலித்தரமும் போகிற போக்கில்தான் வரும்.

சப்வூஃபருக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடச் சத்தமாக மாறுவதில்லை. 300 வாட்ஸ் கொடுத்தால் 297-க்கு மேல் வெறும் சூடு. அதில் பெரும்பகுதி பிறப்பது வாய்ஸ் காயிலில், அதாவது இரண்டு, இரண்டரை அங்குல விட்டமுள்ள ஒரு கம்பிச் சுருளில். செம்புக் கம்பி சூடேற ஏற அதன் மின்தடையும் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். காயில் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் 3.5 ஓம் இருந்தது 6 ஓமைத் தாண்டும். ஆம்ப் அதே வோல்டேஜைத்தான் தருகிறது, ஆனால் காயில் இழுக்கும் சக்தி குறைந்துபோகிறது. சுமார் இரண்டரை டெசிபல் காணாமல் போகும். ஓட்டுகிறவர் என்ன செய்வார்? வால்யூமை இன்னும் இரண்டு புள்ளி ஏற்றுவார். சூடு இன்னும் ஏறும்.

இன்னொரு விஷயம், கடை டெமோ ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பது. காயில் சூடாகச் சில நொடிகள் போதும். அதைச் சுற்றியுள்ள காந்தமும் இரும்பும் சூடாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். டெமோவில் குளிர்ந்த காந்தம் காயிலின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் காந்தமே கொதித்துப் போயிருக்கும்போது அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. இடையில் இரண்டு மெலடிப் பாட்டு போட்டால் காயில் கொஞ்சம் ஆறும், காந்தம் ஆறாது.

ஆம்ப்: ஏபி கிளாஸா, டி கிளாஸா

ஏபி, டி இரண்டும் ஆம்ப் வேலை செய்யும் விதத்தைக் குறிக்கும் வகைகள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சப்வூஃபரை ஓட்ட என்றால் டி கிளாஸ்.

கணக்கு இதுதான். 400 வாட்ஸ் வெளியே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏபி கிளாஸ் ஆம்பின் திறன் 55 சதவீதம் என்றால், அது பேட்டரியிலிருந்து சுமார் 725 வாட்ஸ் இழுக்கும். 325 வாட்ஸ் ஆம்பின் உடம்பிலேயே சூடாகத் தங்கும். 85 சதவீதத் திறனுள்ள டி கிளாஸ் ஆம்ப் 470 வாட்ஸ் இழுத்து 70 வாட்ஸை மட்டும் சூடாக்கும். 14 வோல்ட்டில் பார்த்தால் ஒன்று 52 ஆம்பியர், மற்றது 34 ஆம்பியர். இந்த 18 ஆம்பியர் வித்தியாசத்தை ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் பங்கு கேட்கும் சின்ன காரின் ஆல்டர்னேட்டர்தான் சுமக்க வேண்டும்.

ஏபி கிளாஸில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அது முழுச் சக்தியில் ஓடும்போதுதான் அதிகம் சுடும் என்று நினைப்போம். உண்மையில் சைன் அலையை வைத்துக் கணக்குப் பார்த்தால், முழுச் சக்தியில் சுமார் 40 சதவீதம் வெளிவரும்போதுதான் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அதிகபட்சமாகச் சூடாகின்றன. நாம் வழக்கமாக வைக்கும் ‘கொஞ்சம் சத்தமான’ வால்யூம் கிட்டத்தட்ட அந்த இடம்தான். “பாதி வால்யூமில்தானே வைத்திருந்தேன், ஏன் கட் ஆகிறது?” என்ற புலம்பலுக்குப் பதில் பெரும்பாலும் இதில் இருக்கிறது.

டி கிளாஸ் ஒலி கரகரக்கும் என்பது பழைய பேச்சு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஓடும் காரின் இரைச்சலில், அந்த வித்தியாசத்தைக் காது பிடிப்பது கடினம். ஏபி-க்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம்: ரிப்பேர் சுலபம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிரான்சிஸ்டர் வாங்கி மாற்றிவிடலாம். டி கிளாஸ் போர்டு போனால் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள். கதவு ஸ்பீக்கர்களுக்கு ஏற்கெனவே நல்ல ஏபி ஆம்ப் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதையே பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்து, சப்பையும் ஓட்டச் சொன்னால் மட்டும் வேண்டாம்.

சீட்டுக்கு அடியிலா, டிக்கியிலா

சீட்டுக்கு அடியில் நுழையும் ஒல்லி ஆக்டிவ் சப்வூஃபருக்கு இப்போது நல்ல கிராக்கி. டிக்கி இடம் போகாது, வயரிங் எளிது, குடும்பத்தில் சண்டை வராது. ஆனால் சூடு என்று வந்துவிட்டால் அதன் நிலை பரிதாபம். எட்டு அங்குல ஊஃபர், சின்ன காயில், ஆம்ப் மூன்றும் ஒரே அலுமினியப் பெட்டியில். மேலே சீட், கீழே கார்ப்பெட். காற்று அசைய வழியில்லை. போதாக்குறைக்கு ஆழம் குறைக்க நியோடிமியம் காந்தம் போட்டிருந்தால் இன்னொரு வம்பு: சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் தன் காந்த பலத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கக்கூடும்.

அதற்காக அது கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். நல்ல தயாரிப்புகளில் லிமிட்டர் இருக்கும். சூடானால் தானே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்து போகாது. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அது போதும். இரண்டு மணி நேரம் அதிர வேண்டும் என்பவருக்கு அது பொருந்தாது. எவ்வளவு நல்ல பிராண்டானாலும் எட்டு அங்குலத்தால் தள்ளக்கூடிய காற்று அவ்வளவுதான்.

டிக்கியில் தனிப் பெட்டி, தனி ஆம்ப் என்றால் இரண்டு சூடும் இரண்டு இடத்தில் பிரிந்துபோகும். செடான் காரில் மட்டும் கவனம் தேவை. ஹேட்ச்பேக்கில் ஏசி காற்று கொஞ்சமாவது பின்னால் போகும். செடான் டிக்கியோ தனி அறை. வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆம்ப் சுமார் 80 டிகிரியில் தன்னை நிறுத்திக்கொள்ளும் ரகம் என்றால், கிளம்பும்போதே அதற்கு மீதி இருப்பது 30 டிகிரிதான்.

ஒரு பெரிய சப்பா, இரண்டு சப்பா

இந்த ஒப்பீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. கடைக்காரர்கள் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் தள்ளுவார்கள்: “12 இன்ச் ஒண்ணு போடுங்க சார், 1000 வாட்ஸ் மோனோ கொடுத்தா பறக்கும்.” (மோனோ என்றால் ஒரே சேனல் ஆம்ப்.)

ஒரு 12 அங்குல சப்பை 400 வாட்ஸில் ஓட்டுகிறீர்கள். அதே போன்ற இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து, மொத்தச் சக்தியை அதே 400 வாட்ஸாக இருவருக்கும் பிரித்துக் கொடுத்தால் சத்தம் சுமார் 3 டெசிபல் கூடும். அந்த 3 டெசிபல் வேண்டாம், பழைய சத்தமே போதும் என்றால் மொத்தம் 200 வாட்ஸ் போதும். ஆளுக்கு 100. அதாவது முன்பு ஒரே காயில் தாங்கிய சூட்டில் கால் பங்குதான் இப்போது ஒவ்வொன்றுக்கும். ஆம்பின் மேலுள்ள சுமையும் பாதியாகிறது. இவ்வளவு லாபத்தை எந்தக் கூலிங் ஃபேனும் தராது.

விலையாகக் கொடுப்பது இடம். பெட்டி இரண்டு மடங்கு பெரிதாகும். ஸ்டெப்னியை எடுக்கப் பெட்டியை இறக்க வேண்டியிருக்கும். 12 இரண்டுக்கு இடமில்லையென்றால் 10 அங்குலம் இரண்டு என்பது நல்ல சமரசம். நடுத்தர விலையில் இரண்டு வாங்குவதா, அதே பணத்தில் உசத்தியாக ஒன்று வாங்குவதா என்று கேட்டால், நீண்ட நேர ஓட்டத்துக்கு என் ஓட்டு இரண்டுக்கே.

பெட்டியிலும் இதே தர்க்கம்தான். மூடிய பெட்டியில் குறிப்பிட்ட சத்தம் வரக் கூடுதல் வாட்ஸ் வேண்டும். போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த பெட்டி, அது டியூன் செய்யப்பட்ட ஹெர்ட்ஸை ஒட்டிய ஸ்வரங்களில் குறைந்த வாட்ஸில் அதே சத்தம் தரும். போர்ட் பெட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு: டியூன் செய்த ஹெர்ட்ஸில் கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) அதிகம் அசையாது, அதனால் காயிலுக்குக் காற்றும் படாது. ஆனாலும் மொத்தத்தில் போர்ட் முந்துகிறது என்றே சொல்வேன், காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டரைப் போட்டிருக்கும் வரை.

ஓம்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1 ஓமில் இணைத்தால் ஆம்ப் அதிக வாட்ஸ் தரும், ஆனால் கரண்ட் எகிறித் திறன் விழும். இரட்டை 4 ஓம் காயில் உள்ள சப்பை இணையாகக் கட்டி 2 ஓமில் ஓட்டுவதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சரி.

ஃபேனா, இடமா

கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் ஃபேனை ஆம்பின் மேல் வைப்பது உபயோகமான வேலைதான். ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயரிலிருந்து நேராக இழுக்காமல் ஒரு ரிலே வைத்துக் கொடுங்கள், அந்த வயர் அதிகக் கரண்ட் தாங்காது. ஆனால் ஃபேனுக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். ஆம்பை நிமிர்த்தி, ஃபின்கள் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) மேலும் கீழுமாக நிற்கும்படி பின் சீட்டின் முதுகில் வைத்தால் சூடான காற்று தானே மேலேறும். பார்சல் டிரேயின் அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் சூடு ஆம்புக்குள்ளேயே திரும்பும். சப் பெட்டியின் மேலேயே திருகி வைப்பதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். அதிர்வில் சால்டர் விட்டுப்போக அதைவிடச் சிறந்த வழி இல்லை.

கேபிளில் காசு பிடிக்காதீர்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியின் கடத்துதிறன் நல்ல செம்பில் சுமார் 65 சதவீதம்தான். அதே தடிமனில் வாங்கினால் வோல்டேஜ் விழும், ஆம்ப் சீக்கிரம் கிளிப் ஆகும், அதாவது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். முழுக்கக் கிளிப் ஆகிச் சதுர அலையாகிவிட்டால், அதே உச்ச வோல்டேஜில் காயிலுக்குப் போகும் சக்தி சைன் அலையைப் போல இரண்டு மடங்கு. காயில் கருகும் கேஸ்களில் ‘அதிக வாட்ஸ் ஆம்ப்’ மீது பழி விழும். குற்றவாளி வாட்ஸ் போதாமல் கிளிப் ஆன சின்ன ஆம்பாகவும் இருக்கலாம்.

பாட்டும் ஒரு காரணி. பறையும் தவிலும் அடிக்கும் குத்துப் பாட்டில் அடிக்கும் அடிக்கும் இடையே காயில் மூச்சு விடும். இழுத்துக்கொண்டே போகும் எலெக்ட்ரானிக் பேஸ் உள்ள பாட்டில் அந்த இடைவெளி கிடையாது. ஒரே வால்யூமில் இரண்டாவது வகை பல மடங்கு சுடும்.

எதை வாங்குவது

வாரம் ஒருமுறை நீண்ட பயணம், சத்தம் கட்டாயம் வேண்டும் என்றால்: 10 அங்குலம் இரண்டு, போர்ட் பெட்டி, 400–500 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) டி கிளாஸ் மோனோ ஆம்ப், அசல் செம்புக் கேபிள். டிக்கி இடம் வேண்டும் என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் ரகம், ஆனால் அதனிடம் அளவாக எதிர்பாருங்கள். ஒற்றை 12-ஐ 1 ஓமில் முறுக்கி ஓட்டும் செட் எனக்குக் கடைசி இடம்.

ஆம்ப் அட்டையில் அச்சடித்த வாட்ஸை நம்பாமல் பக்கவாட்டிலுள்ள ஃப்யூஸைப் பாருங்கள். 3000 வாட்ஸ் என்று போட்டிருக்கும், ஃப்யூஸ் ஒரே ஒரு 30 ஆம்பியராக இருக்கும். 30-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 432. அதில் 80 சதவீதம் எடுத்தால் சுமார் 345 வாட்ஸ். தொடர்ந்து தரக்கூடியது அவ்வளவே.

புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பதையே காப்பாற்ற வேண்டுமா? பேஸ் பூஸ்ட்டை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் 6 டெசிபல் ஏற்றினால் அந்த ஹெர்ட்ஸில் சக்தி நான்கு மடங்கு, 12 ஏற்றினால் பதினாறு மடங்கு. அப்புறம் கெயின், அதாவது ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் திருகு. சப் வயரைக் கழற்றிவிட்டு, ஹெட் யூனிட் வால்யூமை முக்காலில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். ஆம்ப் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்துப் பாருங்கள். 2 ஓமில் 400 வாட்ஸ் என்றால் 28 வோல்ட் வந்தவுடன் கெயினை நிறுத்திவிடலாம். பல கார்களில் இதற்கு மேல் ஃபேனே தேவைப்படாது.