மின்னிக்கொண்டே இருந்த 4 ஹை விளக்கு: என் பிக்கப் அனுபவம்

தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் மச்சான் போன வாரம் போன் செய்தார். "மாப்ளே, உன் வண்டி மாதிரியே ஒண்ணு திண்டுக்கல்ல விலைக்கு வருது. ஆறரை லட்சம் சொல்றாங்க. எடுக்கலாமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நாலு நாள் முன்புதான் என் வண்டியை மெக்கானிக்கிடமிருந்து எடுத்து வந்திருந்தேன். கோபம் ஆறவில்லை. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

2017-ல் புதிதாக எடுத்த டபுள் கேபின் டீசல் பிக்கப். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனிப் பெயர் வேண்டாம், இதே அமைப்பு பல கம்பெனி வண்டிகளில் உண்டு. மன்னவனூர்ப் பக்கம் எங்களுக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு முக்கால் கிலோமீட்டர் மண்பாதை, அதில் கடைசி 200 மீட்டர் செங்குத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஏற்றத்தில் மாடே வழுக்கும். அந்த 200 மீட்டருக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்து ஃபோர் வீல் டிரைவ் எடுத்தேன்.

இன்ஜின், மைலேஜ், பாடி பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கும் குறை இல்லை. கிளட்ச் ஒருமுறை மாற்றியதோடு சரி. நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சுகம் ஒன்று உண்டு, அது 4 லோ, அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு சுற்றும் நிலை. ஏறுவதற்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். இறங்கும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. இருபது மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் விட்டுக் காலை எடுத்தால், ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி தானே இறங்கும். பிரேக்கைத் தொட்டால்தான் சேற்றில் சறுக்கும், தொடவே தேவையில்லை. பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வருகிற ஆட்கள்கூடப் பயப்படாமல் வருவார்கள்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் ஃபோர் வீல் போட லீவர் கிடையாது. டேஷ்போர்டில் கையால் திருப்புகிற ஒரு திருகு குமிழ். 2 ஹை (பின் சக்கரம் மட்டும் இழுக்கும்), 4 ஹை (நாலு சக்கரமும், சாதாரண வேகத்தில்), 4 லோ. திருகினால் மீட்டரில் பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மின்னி, பிறகு நிலையாக எரியும். எரிந்தால் ஃபோர் வீல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். போன கார்த்திகையில் ஒரு நாள் மின்னிக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டுத் திரும்பப் போட்டேன், பத்தடி ரிவர்ஸ் எடுத்துப் போட்டேன், ஆஃப் செய்து ஆன் செய்தேன். மின்னியதே தவிர நிலைக்கவில்லை. ஏற்றத்தின் பாதியில் பின் சக்கரம் இரண்டும் சுற்ற, வண்டி பக்கவாட்டில் ஓடைப்பக்கம் நகர்ந்தது. பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். அன்றைக்கு டிராக்டர் வைத்துத்தான் இழுத்தோம்.

சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் வைத்திருந்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மோட்டாரும் கண்ட்ரோல் யூனிட்டும் போய்விட்டன என்றார்கள். எஸ்டிமேட் 74,000 ரூபாய். வண்டிக்கு அடியில் யாராவது படுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நேரான பதில் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டில் ஜீப் வேலை மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, என்னைத் திருகைத் திருப்பச் சொல்லிவிட்டு அடியில் படுத்தார். 'விர்ர்' என்று ஒரு சத்தம், கடைசியில் 'டக்'. "மோட்டார் உயிரோடதான் இருக்கு தம்பி" என்றார். அடுத்து 2 ஹையில், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றினார், லேசாகச் சுற்றியது. 4 ஹை போட்டு, கியரில் நிறுத்தி மறுபடி முயன்றார், அசையவில்லை. அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. 74,000 ரூபாய் வேலை ஐந்து நிமிடத்தில் இல்லை என்று ஆகிவிட்டது.

மீதி இருப்பது முன் ஆக்சில். இந்த மாதிரி வண்டியில் முன்பக்கம் ஒரு ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். 2 ஹையில் அவை தனித்தனி. 4 ஹையில் ஒரு காலர் (வளையம்) நகர்ந்து இரண்டையும் பிணைக்க வேண்டும். அதை நகர்த்துவது வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, ஆக்சில் மேல் இருக்கும் சின்ன டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) டப்பா வழியாக. காலர் விழாவிட்டால் முன்பக்கத்துக்கு வரும் இழுவையெல்லாம் அந்தப் பிணையாத துண்டைச் சும்மா சுற்றவைப்பதிலேயே போய்விடும். இரண்டு முன் சக்கரத்துக்கும் ஒன்றும் வராது. காலர் விழுந்ததா என்று சொல்லும் சுவிட்ச் பதில் தராததால்தான் விளக்கு மின்னிக்கொண்டே இருந்திருக்கிறது.

பெரியவர் அந்த டப்பாவின் ஹோஸைக் கழற்றி, ஒரு புது டியூப்பைச் செருகி, வாயில் வைத்து உறிஞ்சி நுனியை நாக்கால் அடைத்தார். டியூப் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு நிமிடம் ஆகியும் விழவில்லை. டயஃப்ரம் நல்லது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கழற்றிய ஹோஸின் வாயில் விரலை வைத்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். இழுக்கிற மாதிரியே தெரியவில்லை. ஹோஸைப் பிடித்துக்கொண்டே பின்னால் தடவிப் போனவர், கியர்பாக்ஸுக்கு மேலே ஒரு கிளாம்ப் பக்கத்தில் நின்றார். ரப்பர் சூட்டில் கருவாடு மாதிரி காய்ந்து, நகம் அளவுக்கு வெடித்திருந்தது. ஒன்றரை மீட்டர் ஹோஸ் 180 ரூபாய், கூலி 600. விளக்கு மூன்றாவது நொடியில் நிலையாக எரிந்தது.

எனக்குக் கோபம் பணத்தைப் பற்றி மட்டும் அல்ல. டீசல் இன்ஜினில் வாக்குவத்துக்குத் தனிப் பம்ப் இருக்கிறது, இந்த வண்டியில் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். மழைக்கு முன்பே கொடைக்கானல் மலை இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது மிதிக்குப் பெடல் கெட்டியானது. பேட் தேய்ந்திருக்கும் என்று நினைத்து மாற்றினேன். ஹோஸ் மாற்றியபின் பெடல் பழையபடி மெத்தென்று இருக்கிறது. இத்தனைக்கும் வண்டி என்னிடம் சொன்னது ஒரு பச்சை விளக்கின் மினுக்கல் மட்டும். மோட்டார் போனாலும் மினுக்கல், ஹோஸ் வெடித்தாலும் மினுக்கல், சுவிட்ச் ஒயர் அறுந்தாலும் அதே மினுக்கல்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020-ல் ஒருமுறை 4 ஹையிலிருந்து 2 ஹைக்கு வரவே இல்லை. அது வண்டியின் தப்பு அல்ல. பின்னால் மட்டும் புது டயர் போட்டிருந்தேன், முன்னால் தேய்ந்தது. மண்பாதை முடிந்தும் தார் ரோட்டில் ரெண்டு கிலோமீட்டர் 4 ஹையிலேயே ஓட்டிவிட்டேன். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்க, நடுவில் முறுக்கு ஏறி கியர் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பத்து மீட்டர் ரிவர்ஸ் எடுத்ததும் 'டங்' என்று விடுபட்டது. அன்றிலிருந்து நாலு டயரும் சேர்த்தே மாற்றுகிறேன். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை, தேவையே இல்லாவிட்டாலும், மண்ணில் 4 ஹையும் 4 லோவும் போட்டு எடுக்கிறேன். போடாமல் வைத்திருந்தால் மோட்டாரும் காலரும் இறுகிவிடும் என்று பெரியவரும் சொன்னார்.

மச்சானுக்குச் சொன்ன பதில்: அந்த விலைக்கு வேண்டாம். தரைக்கு மேலே கையால் பிடித்துப் போடுகிற லீவர் வைத்த பழைய மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸில் விழுந்ததா இல்லையா என்பதையாவது உங்கள் உள்ளங்கையே சொல்லிவிடும். இல்லை, இதுதான் பிடித்திருக்கிறது என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்னைக் கூப்பிடுங்கள், பெரியவரையும் அழைத்து வருகிறேன், அடியில் படுத்துப் பார்ப்போம்.

"அப்ப உன் வண்டியைக் குடுத்துடப் போறியா?" என்றார். கொடுக்க மாட்டேன். பூண்டு எடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அந்த ஏற்றத்தில் மூட்டையோடு இறங்க எனக்கு இந்த 4 லோதான் வேண்டும்.