நீளமான ஆங்கிலச் சொற்களைத் தேட ஒன்லுக்: சில வருட அனுபவம்

மன்னார்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். எழுத்துக்கூட்டல் பயிற்சிக்காகக் குறிப்பிட்ட சில எழுத்துகள் உள்ள நீளமான சொற்கள் அடிக்கடி தேவைப்படும். அதற்குச் சில வருடமாக ஒன்லுக் (OneLook) என்ற இணைய அகராதித் தேடல் தளத்தைத்தான் பயன்படுத்துகிறேன்.

அதற்கு முன்பு ஒரு மொபைல் ஆப் வைத்திருந்தேன். கொடுத்த எழுத்துகளை மாற்றிப் போட்டு, அவற்றுக்குள் அடங்கும் சொற்களை மட்டும் காட்டும். ஏழு எழுத்து கொடுத்தால் ஏழுக்கு மேல் போகாது. ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்கு அது சரி. எனக்கு வேண்டியது வேறு: சொன்ன எழுத்துகள் கட்டாயம் இருக்கணும், கூட எது வந்தாலும் பரவாயில்லை.

ஒன்லுக்கில் கேள்விக்குறி போட்டால் அந்த இடத்தில் ஏதாவது ஒரே ஒரு எழுத்து வரும். நட்சத்திரக் குறி போட்டால் எத்தனை எழுத்தும் வரலாம், வராமலும் இருக்கலாம். இதை எல்லோரும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் தளத்தின் முழுப் பலம் கமாவில்தான். கமா போட்டு நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். காவிரிக்கு ஆங்கிலத்தில் எழுதும் கே, ஏ, வி, ஈ, ஆர், ஐ என்ற ஆறு எழுத்துக்கும் தனித்தனியாக இருபுறமும் நட்சத்திரம் வைத்து, நடுவில் கமா போட்டுத் தேடிப் பாருங்கள். ‘ரிவர்பேங்க்’ கிடைக்கும்! ஆற்றங்கரைக்குள்ளேயே காவிரி இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். ‘ஓவர்டேக்கிங்’ என்ற சொல்லிலும் இந்த ஆறும் உண்டு. கூடவே பத்து கேள்விக்குறியும் ஒரு நட்சத்திரமும் சேர்த்தால் பத்து எழுத்துக்குக் குறைந்தவை விலகிவிடும்; ஒன்பது எழுத்து ரிவர்பேங்க் போய், ஓவர்டேக்கிங் நிற்கும்.

பல அகராதிகளில் ஒரே நேரத்தில் தேடுவதால் ஆள் பெயர், ஊர்ப் பெயர், சொற்றொடர் எல்லாம் கலந்து வரும். பொருளைப் பார்த்த பிறகுதான் பலகையில் எழுதுவேன்.

நீளமான சொல் என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு, கிடைத்ததைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுவது மிகவும் உதவுகிறது. ‘அன்காப்பிரைட்டபிள்’ 15 எழுத்துச் சொல். ஓர் எழுத்துகூட இரண்டாம் முறை வராது. அன், காப்பி, ரைட், ஏபிள் என்று நான்காக வெட்டினால் எல்லாமே அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த துண்டுகள். அப்புறம் ‘ஏபிள்’ என்று முடியும் சொற்களை மட்டும் தேடச் சொன்னால் ஒரு பெரிய குடும்பமே வந்து நிற்கிறது. மனப்பாடத்தை விட இந்த வழியில்தான் சொல் தங்குகிறது என்பது நான் கண்கூடாகப் பார்த்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் நெட் போய்விடும். அதற்காக எனேபிள் என்ற சொற்பட்டியலை லேப்டாப்பில் இறக்கி வைத்திருக்கிறேன். காப்புரிமை இல்லாதது, 1,70,000-க்கு மேல் சொற்கள். கேட்ட எழுத்து உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் ‘கிரெப்’ (grep) என்ற கணினிக் கட்டளையில் ஒவ்வோர் எழுத்தாக வடிகட்டினால் நொடியில் விடை வரும். ஊர்ப் பெயர் தொல்லையும் கிடையாது. பொருள் மட்டும் அதில் இருக்காது, எனவே பக்கத்தில் ஓர் அச்சு அகராதியும் வைத்துக்கொள்ளுங்கள்.