திருகோணமலை வெக்கையில் பிறபொருளெதிரிகள்: நீண்டகாலப் பாவனையில் கண்டவை

ஆடு, எருமை, மீன் இவற்றின் இழையங்களைப் பிறபொருளெதிரி (antibody, குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் புரதம்; இனிச் சுருக்கமாக ‘எதிரி’) கொண்டு சாயமூட்டிப் பார்ப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. பரபின் மெழுகில் பதித்த வெட்டுமுகங்களில், பெரொட்சிடேசு நொதியமும் பழுப்பு நிறம் தரும் டிஏபியும் கொண்டு செய்யும் முறையே இங்கு பேசப்படுவது. தேடும் புரதத்தில் முதல் எதிரி ஒட்டும், அதன்மேல் இரண்டாம் எதிரி ஒட்டும், அதோடு சேர்ந்த நொதியம் டிஏபியைப் பழுப்பாக்கும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாயம் ஏறாதபோது எல்லாரும் எதிரி வந்த சிறுகுப்பியைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பிழை அதற்கு முன்னமே, போர்மலின் போத்தலிலோ கொள்வனவுப் பட்டியலிலோ நடந்து முடிந்திருக்கும்.

கொள்வனவிலிருந்து தொடங்குவோம். விற்பனைத் தாள்களில் மனிதன், சுண்டெலி, எலி என்று இருக்கும். ஆடும் பாரை மீனும் அங்கே இரா. ஆகவே எந்தப் புரதத் துண்டைக் கொண்டு அந்த எதிரி உருவாக்கப்பட்டது என்று கேட்டறிந்து, அதன் அமினோ அமில வரிசையை உங்கள் விலங்கின் புரதத்தோடு ஒப்பிடுங்கள். ரி கலங்கள் (T cells) என்னும் நோயெதிர்ப்புக் கலங்களுக்கு, அவற்றின் அடையாளப் புரதமான சிடி3இன் எப்சிலன் சங்கிலியின் கலத்துக்குள் இருக்கும் பகுதிக்கு எதிரான முயல் எதிரி நல்ல தெரிவு. அந்தப் பகுதி விலங்குகளிடையே அதிகம் மாறாததால் ஆட்டிலும் மாட்டிலும் கோழியிலும்கூட வேலை செய்யும். இன்னொரு வகை நோயெதிர்ப்புக் கலங்களான பி கலங்களுக்கு (B cells), மனித நோயியலில் வழமையான எல்26 என்ற எதிரி நாயில்கூடப் பிடிக்காது. மாட்டினத்துக்கு, பி கலப் புரதமான சிடி79ஏக்கு எதிரான எச்எம்57 நம்பகமானது. கலப் பெருக்கத்துக்கு, பெருகும் கலங்களின் கருவிலுள்ள பிசிஎன்ஏ புரதத்துக்கு எதிரான பிசி10 இருக்கிறது. முள்ளந்தண்டுளிகள் முழுவதிலும் அது பிடிக்கும் என்பதால் மீன் வேலைக்கு முதலில் வாங்க வேண்டியது அதுதான். முலையூட்டிகளின் சிடி குறிகளுக்கான எதிரிகளை மீனில் முயன்று காசைக் கரைக்க வேண்டாம்.

ஆட்டிழையத்தில் வேலை செய்வோர் ஒரு பொறியை அறிந்திருக்க வேண்டும். ஆட்டில் உருவாக்கிய முதல் எதிரியையும் அதைப் பிடிக்கும் ஆட்டெதிர் இரண்டாம் எதிரியையும் ஆட்டு இழையத்தில் விட்டால் வெட்டுமுகம் முழுக்கப் பழுப்பாகும். இழையத்திலேயே ஆட்டின் சொந்த எதிரிகள் நிறைந்திருக்கின்றனவே! செம்மறியும் மாடும் நெருங்கிய உறவு, அவற்றிலும் இதே தொல்லைதான். எதிரி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கப் போடும் மாட்டு அல்புமினில் எஞ்சியிருக்கும் மாட்டு எதிரிகளையும் ஆட்டெதிர் எதிரி பிடித்துக்கொள்ளும். முதல் எதிரி முயலிலிருந்தோ சுண்டெலியிலிருந்தோ வந்ததாக இருக்கட்டும். இரண்டாம் எதிரி மாட்டின, ஆட்டினப் புரதங்களோடு சேராதபடி வடித்தெடுக்கப்பட்டதா என்றும் பாருங்கள்.

அடுத்தது நிலைப்படுத்தல். 30 பாகைக்கு மேல் இருக்கும் பகலில் குடலின் உட்படை நிமிடக் கணக்கில் சிதையத் தொடங்குகிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமையாக இருந்தாலும் சரி, கரைக்கு வந்த விளைமீனாக இருந்தாலும் சரி, போர்மலினைக் கொண்டுபோய் அங்கேயே வெட்டிப் போட வேண்டும். துண்டின் தடிப்பு 3 முதல் 5 மில்லிமீற்றர், போர்மலின் இழையத்தைப்போல் 10 மடங்கு கனவளவு. ஒரு லீற்றருக்கு: வணிகப் போர்மலின் 100 மில்லிலீற்றர், நீர் 900, சோடியம் இருஐதரசன் பொசுபேற்று ஒருநீரேற்று 4 கிராம், நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 6.5 கிராம். கிணற்று நீர் கூடாது. அதிலுள்ள கல்சியம் பொசுபேற்றோடு சேர்ந்து படியும். உப்புப் போடாத வெறும் போர்மலின் நாள்பட அமிலமாகி, குருதி நிறைந்த உறுப்புகளில் பழுப்புத் துகள்களைப் படியவைக்கிறது. டிஏபி நிறத்தோடு அதைக் குழப்பிக்கொள்வது மிக எளிது.

24 மணிநேரம் போதும். போயா (பௌர்ணமி) விடுமுறை வார இறுதியோடு சேரும்போது மாதிரி நான்கு நாள் போர்மலினில் கிடந்துவிடும், பிசிஎன்ஏ மங்கிவிடும். ஒரு நாள் முடிந்ததும் 70 வீத அற்ககோலுக்கு மாற்றிவிட்டால் காத்திருக்கலாம். மெழுகு பதிக்க பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதானாலும் அப்படியே அனுப்புங்கள்.

4 மைக்கிரோமீற்றர் வெட்டுமுகம், மின்னேற்றமுள்ள வழுக்கி (கண்ணாடித் தகடு, slide), 60 பாகையில் ஒரு மணிநேரம். மெழுகு நீக்கியபின், போர்மலின் மறைத்த புரத இடங்களை மீண்டும் வெளிப்படுத்த சித்திரேற்றுக் கரைசலில் சூடாக்கல்: முச்சோடியம் சித்திரேற்று இருநீரேற்று லீற்றருக்கு 2.94 கிராம், பி.எச். 6.0, ருவீன்-20 அரை மில்லிலீற்றர். 95 பாகைக்கு மேல் 20 நிமிடம், பின்பு அதே கரைசலில் 20 நிமிடம் ஆறவிடல். அவசரப்பட்டு எடுத்தால் வெட்டுமுகம் கழன்றுவிடும். சித்திரேற்றில் சிடி3 மங்கலாக வந்தால் பி.எச். 9.0 திரிசு-ஈடிடிஏ முயன்று பாருங்கள். இழையத்தின் சொந்தப் பெரொட்சிடேசை அடக்க 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு 10 நிமிடம். ஈரலுக்கு பயோட்டின் சார்ந்த கருவிப்பெட்டியை விட்டு, பயோட்டின் இல்லாத பல்பகுதிய (polymer) முறைக்கு மாறுங்கள், அங்கே இயல்பாகவே பயோட்டின் அதிகம்.

செய்முறைத் தாள்களில் ‘அறை வெப்பநிலை’ என்று இருந்தால் 20 முதல் 25 பாகை என்று பொருள். இங்கே மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்னும் சூடான வறண்ட காற்று வீசும் நாட்களில் அறை அதைவிட மிகச் சூடாக இருக்கும். பின்னணி நிறம் ஏறுவதற்கும் டிஏபி முந்திக் கறுப்பதற்கும் இது ஒரு காரணம். ஆகவே முதல் எதிரியை இரவு முழுக்க 4 பாகையில் வைப்பதே மேல். மின்விசிறிக் காற்றில் விளிம்பு காய்ந்து, ஓரம் மட்டும் கருமையாக வரும். ஈரத்தாள் விரித்த மூடிப் பெட்டி தவிர வேறு வழியில்லை. டிஏபியை கடிகாரத்தை நம்பி விடாமல் நுணுக்குக்காட்டியில் பார்த்தே நிறுத்த வேண்டும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயுறப்படும் பொருள். கையுறை கட்டாயம், கழிவைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

மீனின் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் மெலனின் நிறைந்த கலக்கொத்துகள் இயல்பாகவே பழுப்பும் கறுப்புமாய் இருக்கும். கறுத்த ஆட்டின் தோலும் அப்படித்தான். அங்கே டிஏபியை விட்டு சிவப்பு நிறமூட்டி ஏஈசியைப் பயன்படுத்துங்கள். அது அற்ககோலில் கரைவதால் நீர் சார்ந்த பசையில்தான் மூட வேண்டும். பெரொட்சிடேசுக்குப் பதிலாக அற்கலைன் பொசுபற்றேசு நொதியம் கொண்ட முறைக்குப் போனால் இழையத்தின் சொந்த நொதியத்தை அடக்க லெவமிசோல் சேர்ப்பார்கள், ஆட்டுக்குப் பூச்சிமருந்தாகக் கொடுக்கும் அதே மருந்துதான். குடலிலுள்ள நொதியம் மட்டும் அதற்கு அடங்காது.

சேமிப்பு விடயத்தில் 2022இன் நீண்ட மின்வெட்டுகள் எல்லா ஆய்வுகூடங்களுக்கும் பாடம். எதிரி வந்தவுடன் 10 மைக்கிரோலீற்றர் பங்குகளாகப் பிரித்துவிடுங்கள். 1:200 நீர்ப்பில், வழுக்கிக்கு 100 மைக்கிரோலீற்றர் வீதம், ஒரு பங்கு 20 வழுக்கிக்குப் போதும். பாதி கிளிசரோல் உள்ள எதிரி -20 பாகையிலும் உறையாது, அதனால் மீண்டும் மீண்டும் உறைந்துருகும் கேடு இல்லை. தானே பனி உருக்கும் பிறீசரைத் தவிருங்கள். சிறுகுப்பிகளை ரெஜிபோம் பெட்டிக்குள் பனிப்பைகளோடு வைத்து அதையே பிறீசருக்குள் வைத்தால் சில மணிநேர வெட்டைத் தாங்கும். பெரொட்சிடேசு இணைத்த எதிரியை உறையவைக்கக் கூடாது, 4 பாகையில் இருட்டில் வையுங்கள். அதில் சோடியம் அசைட்டும் சேர்க்காதீர்கள், நொதியம் செத்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் ஆட்டு நிணநீர்க் கணுவின் வழுக்கி ஒன்று கூடவே போகட்டும். சிடி3 அதன் புறப்படையின் ஆழ்பகுதியில் நிறைந்து தெரிய வேண்டும், பி கலங்கள் திரண்ட கணுத்திரள்களில் சிதறலாக மட்டும். முதல் எதிரி விடாத வழுக்கி இன்னொன்று. அதில் பழுப்பு வந்தால் அன்றைய முடிவுகள் எதையும் எழுத வேண்டாம். முயல் பல்கலவழி (polyclonal) எதிரிகள் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறும். பழைய தொகுதியின் கடைசிப் பங்கை முடிக்காமல் வைத்திருந்து, புதியது வந்ததும் ஒரே மெழுகுக் கட்டியிலிருந்து வெட்டியவற்றில் இரண்டையும் 1:100, 1:200, 1:400, 1:800 எனப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். தொகுதி இலக்கத்தை வழுக்கியிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனை மை சைலீனில் கரைந்து போகும்.